டிரில் மாஸ்டர் வரும் அத்தியாயம்

நாவலில் வருகிற ஆட்கள் மேல் பிரிசில்லாவுக்குக் கோபம் வந்தால் அது லேசில் அடங்காது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் அவளுக்கு எக்ஸ்ரே எடுக்கிற வேலை. ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் இரண்டு பக்கம் படித்துவிடுவாள். முடித்த நாவலைப் பற்றி அன்றைக்கே பேஸ்புக்கில் எழுதிவிடுவாள். விமர்சனம் என்றெல்லாம் அதைச் சொல்ல மாட்டாள். படித்தபோது தனக்கு என்ன ஆனது என்பதை மட்டும் எழுதுவாள்.

டாக்டரின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு நர்ஸ் அழுவதாக முடிந்த நாவலுக்கு, "எனக்கு எத்தனையோ நர்ஸைத் தெரியும். ஒருத்தியும் இப்படி அழமாட்டாள். எழுதியவர் ஒரு வாரம் பெட்பேன் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதட்டும்" என்று போட்டாள். பஞ்சத்தைப் பற்றிய தடிமனான நாவல் ஒன்றுக்கு, "இந்த வீட்டில் கடைசிவரை ஒருத்தரும் சிரிக்கவில்லை. பட்டினி கிடந்தவர்களைக் கேளுங்கள், சிரித்த கதையைத்தான் முதலில் சொல்வார்கள்" என்று எழுதினாள். பிடித்த நாவலுக்கும் அதே சுருக்கம்தான். வீட்டுப் பங்குக்காக அக்கா தங்கை சண்டை போடுகிற நாவலைப் படித்துவிட்டு, "முடித்ததும் என் தங்கச்சிக்குப் போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை. நல்ல நாவல்" என்று எழுதியதை நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள்.

இந்தக் கோபத்தில் பாதி அவள் அப்பாவுடையது. தங்கராசு சாருக்கு எண்பத்துமூன்று வயது. டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் பிரஷர் ஏறி, பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, இரண்டு வருஷமாக வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரிகிறது. அம்மா ஆரோக்கியம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிரிசில்லாவின் வீட்டுக்காரர் மஸ்கட்டில், மகன் கோயமுத்தூரில் படிக்கிறான். புதுப்பாளையத்து வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். வேலை முடிந்து வந்து டீ போட்டுக் கொடுத்துவிட்டு, அவள் அப்பாவுக்கு நாவலைச் சத்தமாக வாசிப்பாள். அவர் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து கேட்பார். ஒரு பாத்திரம் தப்புச் செய்தால் விசில் ஊதாத குறையாக, "நிறுத்து. இவன் ஏன் வாயத் தொறக்கல? பக்கத்துலதான நிக்கிறான்?" என்பார். அடுத்த நாள் பிரிசில்லா எழுதுவதில் அந்தக் கேள்வியும் இருக்கும்.

போன வருஷம் கடைசியில், சிதம்பரத்தில் வாசகர் வட்டம் நடத்துகிற ஜெயப்பிரகாஷ் ஒரு புத்தகம் அனுப்பியிருந்தார். நாவலின் பெயர் 'கரையிறக்கம்'. எழுதியவர் பாலகுமார், சென்னையில் பெரிய உத்தியோகத்தில் இருப்பவர். நாலு பேர் பாராட்டிப் பேச ஆரம்பித்திருந்த புத்தகம்.

"நம்ம ஊருக் கதை மேடம். கீரப்பாளையம், சேத்தியாத்தோப்பு, வெள்ளாறு எல்லாம் வருது. அடுத்த மாசம் அவரையே கூப்பிட்டுக் கூட்டம் போடுறோம். நீங்க சமீபத்துல படிச்ச நாவல்களப் பத்திப் பேசணும், இதையும் சேத்துக்குங்க" என்றார்.

முதல் எட்டு அத்தியாயம் அப்பாவும் மகளும் ரசித்துத்தான் படித்தார்கள். நாற்றங்காலுக்குத் தண்ணி கட்டுவது, வீராணத்து மீன், கீரப்பாளையத்துப் பக்கத்துப் பேச்சு எல்லாம் சரியாக விழுந்திருந்தன. "பாத்து வளந்தவன்தான் எழுதியிருக்கான்" என்றார் தங்கராசு.

ஒன்பதாவது அத்தியாயத்தில் பள்ளிக்கூடப் பையன்கள் வெள்ளாற்றங்கரைக்குச் சாரணர் முகாம் போகிறார்கள். "முகாமுக்கு டிரில் மாஸ்டர் ராசப்பனும் வந்திருந்தார்" என்று வாசித்தாள். அப்பா நிமிர்ந்தார்.

"டிரில் மாஸ்டரா? படி, படி."

அவள் கண் அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டது. ராசப்பனின் வேட்டி மடிப்பில் எந்நேரமும் ஒரு பாட்டில் இருக்கும் என்று இருந்தது. அதற்கடுத்த பத்தியில் ராசப்பன் கரையில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறான். அவர் என்பது அவனாகிவிட்டது. கீழே பையன்கள் கத்துகிறார்கள், ராசப்பன் முழித்துப் பார்த்துவிட்டு நாற்றங்கால் வழியே விழுந்தடித்து ஓடுகிறான். தமிழய்யா ஒருவர் வேட்டியோடு ஆற்றில் குதித்து, கதை சொல்கிற சிறுவனைத் தூக்கிக் கரை சேர்க்கிறார்.

"என்னம்மா, நின்னுட்ட?"

"பக்கம் ஒட்டிக்கினு இருக்குப்பா."

ஒட்டியிருந்த பக்கத்தைப் பிரிப்பதுபோல் விரலால் சத்தம் உண்டாக்கினாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாசிக்க ஆரம்பித்தாள். காகிதத்தில் இல்லாததை வாசித்தாள். அணைக்கட்டில் ஷட்டர் திறந்திருக்கிறது, யாரும் ஆற்றில் இறங்கக்கூடாது என்று டிரில் மாஸ்டர் சொல்லிவிட்டுச் சேத்தியாத்தோப்புக்குக் காய்கறி வாங்கப் போகிறார். அவர் போன பிறகு தமிழய்யா பையன்களைக் குளிக்கக் கூட்டிப்போகிறார். டிரில் மாஸ்டர் திரும்பி வரும்போது கூச்சல் கேட்கிறது. சைக்கிளைப் போட்டுவிட்டு, காய்கறிப் பை கரையெல்லாம் சிதற, ஆற்றில் பாய்கிறார். இரண்டு பேரை இழுத்துவருகிறார். மூன்றாவது பையன் கையில் கிடைக்கும்போது மூச்சில்லை.

அம்மா அவளுக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகியிருந்த கதை அது. அவள் நிறுத்தியபோது அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"எழுதினது யாருன்னு சொன்ன?"

"பாலகுமார்."

"நம்ம பாலுவா? வைத்திலிங்கம் வாத்தியாரோட அக்கா மவன்? நான் முடியப் புடிச்சு இழுத்துக்கினு வந்தேனே, அந்தப் பையனா?" அவர் கையை நீட்டினார். புத்தகத்தைக் கொடுத்தாள். அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். "எழுதிட்டான் பாரு. கடைசில எழுதிட்டான்."

அவளுக்குப் பாலகுமார் யாரென்று அதுவரை தெரியாது. சின்ன வயதிலிருந்து 'பாலு' என்ற பெயரை மட்டும்தான் கேட்டிருந்தாள்.

நடந்தது நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். முகாமுக்குப் பொறுப்பாளர் தமிழாசிரியர் வைத்திலிங்கம். பள்ளி நிர்வாகத்தில் இருந்தவர்களுக்குச் சொந்தக்காரர், நிலபுலம் உள்ள வீடு. பையன்களை ஆற்றில் இறக்கியவர் அவர்தான். தண்ணீர் இழுக்க ஆரம்பித்ததும், ஆள் கூப்பிடுகிறேன் என்று ஊருக்குள் ஓடியவர், பொழுது சாய்ந்த பிறகுதான் திரும்பினார். கார்த்திகேசன் என்ற பையன் செத்துப்போனான். யார் மேலாவது பழி விழ வேண்டுமே. காலனியிலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வேலைக்கு வந்த தங்கராசு மேல் விழுந்தது. சார் குடித்துவிட்டுப் படுத்திருந்தார் என்று விசாரணையில் ஒரு பையன் சொன்னான். அவன் பாலு. பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். பையனுக்குப் பதினொரு வயது.

தங்கராசு பீடிகூடத் தொட்டதில்லை. வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஆரோக்கியம்மாள் நடவுக்கும் களைக்கும் போய்க் குடும்பத்தை இழுத்தாள். பிறகு வேலை திரும்பக் கிடைத்தது, ஆனால் திட்டக்குடிப் பக்கம் எங்கேயோ. போன ஊருக்கெல்லாம் அந்தப் பேச்சு அவருக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. இரண்டாம் வகுப்பில் பக்கத்து இடத்துப் பெண் பிரிசில்லாவிடம், "உங்கப்பா குடிச்சிட்டுப் புள்ளைய ஆத்துல விட்டுட்டாராமே" என்று கேட்டாள். பிரிசில்லா அவள் கையைக் கடித்தாள். கடித்ததற்கு அடி வாங்கினாள். பல்லில் பட்ட அந்த உப்பு ருசி நாற்பத்தெட்டு வயதிலும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

மறுநாள் ஸ்கேன் சென்டரில் அந்த அத்தியாயத்தை உள்ளபடி படித்தாள். நெஞ்சுப் படம் எடுக்க வந்த பெரியவரை நிற்க வைத்து, "மூச்ச இழுத்துப் புடிங்க" என்றாள். படம் எடுத்தாள். 'விடுங்க' என்று சொல்ல மறந்து கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தாள். பெரியவர் முகம் சிவந்து, "யம்மா, விடட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் சுய நினைவு வந்தது.

பொய் சொன்ன பையனை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். பதினொரு வயசுப் பிள்ளையை என்ன செய்ய முடியும். ஆனால் இது ஐம்பத்துமூன்று வயசு ஆள் உட்கார்ந்து யோசித்து எழுதினது. வேட்டி மடிப்பில் பாட்டில் என்று எழுதிப் பார்த்து, அடித்து, மறுபடி எழுதியிருப்பான். சாகாத பொய்யை அட்டை போட்டு விற்கிறான். அம்மா செத்தது நல்லதாய்ப் போயிற்று என்று முதல் முறையாக நினைத்தாள். அப்படி நினைக்க வைத்ததற்கும் சேர்த்து அவன் மேல் கோபம் வந்தது.

பேஸ்புக்கில் எழுதலாம் என்று உட்கார்ந்தாள். நாலு வரி எழுதியதும் அவன் என்ன பதில் சொல்வான் என்பது தெரிந்துவிட்டது. இது புனைவு, ராசப்பன் யாரையும் குறிப்பவர் அல்ல, ஒரு மகளின் உணர்வை மதிக்கிறேன். கையைக் கூப்பிப் படம் ஒன்றும் போடுவான். எழுதியதை அழித்தாள். இதற்கு எழுத்து போதாது.

வழியைக் காட்டியது அப்பாதான். தெரியாமல் காட்டினார்.

"பிரிசி, அந்தப் பாலுவ ஒரு தடவ நேர்ல பாக்கணும்மா. ஒரு சால்வ போடணும். இத்தினி வருசம் கழிச்சு உள்ளத எழுதியிருக்கான், அதுக்கு ஒரு மனசு வேணும்."

அவள் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"சிதம்பரத்துக்கு வராருப்பா. நானும் பேசப் போறேன். உங்களயும் கூட்டிக்கினு போறேன்."

"கூட்டத்துல போடுற ஜிகினாச் சால்வ வேணாம். நல்லதா வாங்கு."

நல்ல சால்வையாகவே வாங்கினாள். ஜெயப்பிரகாஷுக்குப் போன் செய்து, அப்பா பாலகுமாருக்கு வாத்தியாராக இருந்தவர், மேடையில் வைத்து வாழ்த்த ஆசைப்படுகிறார் என்றாள். அவருக்கு ஏக சந்தோஷம். பாலகுமாரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், திடீரென்று பார்த்தால்தான் நன்றாக இருக்கும் என்றும் சொன்னாள்.

கூட்டம் வருகிறவரை மிச்ச நாவலையும் வாசிக்க வேண்டியிருந்தது. ராசப்பன் அதற்கப்புறமும் மூன்று அத்தியாயத்தில் வருகிறான், ஒன்றில் சாராயக்கடை வாசலில் கிடக்கிறான். அந்த இடத்தில் அவள் ஒரு பழைய மாணவனைக் கொண்டுவந்து டிரில் மாஸ்டருக்கு வணக்கம் சொல்ல வைத்தாள். ஒரு நாவலுக்கு அடியில் இன்னொரு நாவலை அவள் வாயாலேயே கட்டிக்கொண்டு போனாள். அப்பா ஒவ்வொரு நாளும் தெம்பாகிக்கொண்டே வந்தார். தானே ஷேவ் செய்துகொண்டார். அதைப் பார்க்கும்போது மட்டும், இந்த மனுஷனைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தப் போகிறோம் என்று அவளுக்குத் தோன்றும். அம்மா முழங்கால் சேற்றோடு வந்து கிணற்றடியில் கால் கழுவின நினைப்பு வரும். அந்த எண்ணம் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸில் போனார்கள். அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியதும் டயர் சத்தம் மாறியதை வைத்தே தெரிந்துகொண்டார்.

"தண்ணி கெடக்குதா?"

"கொஞ்சம் கெடக்குப்பா."

பிரிசில்லா கைப்பையைத் திறந்து, ஒன்பதாம் அத்தியாயத்தில் அடையாளச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"கூட்டத்துல அந்த எடத்த அவரையே படிச்சுக் காட்டச் சொல்லுங்கப்பா. எழுதினவர் வாயால கேட்டா நல்லாருக்கும்ல" என்றாள்.

"சொல்றேன்" என்றார் அவர்.

மேலவீதியில் ஒரு சின்ன மண்டபம். எண்பது தொண்ணூறு பேர். பாதிப்பேர் அண்ணாமலை நகரிலிருந்து வந்த மாணவர்கள். வாசலில் கழிவு விலையில் 'கரையிறக்கம்' விற்றதால் பலர் மடியிலும் புத்தகம் இருந்தது. பாலகுமார் மேடையில் நடுவில் உட்கார்ந்திருந்தார். நரைத்த தாடி, மடிப்புக் கலையாத ஜிப்பா, சாந்தமான முகம்.

முதலில் அவள் பேசினாள். சமீபத்தில் படித்த மூன்று நாவல்களைப் பற்றி வழக்கம்போல் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசினாள். கூட்டம் சிரித்தது, பாலகுமாரும் சிரித்தார். பிறகு சொன்னாள்:

"நாலாவது, 'கரையிறக்கம்'. இதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நான் வாசிக்க வாசிக்கக் கேட்டவரு எங்கப்பா. சாருக்கு வாத்தியாரா இருந்தவரு. அவரே சொல்லட்டும்."

கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினாள். அப்பா மைக்கைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "எல்லாருக்கும் வணக்கம். என் பேரு தங்கராசு. கீரப்பாளையத்துப் பக்கம் டிரில் மாஸ்டரா இருந்தேன்" என்றார்.

பிரிசில்லா அப்பாவைப் பார்க்கவில்லை. பாலகுமாரைத்தான் பார்த்தாள். அவர் தண்ணீர் குடிக்க எடுத்த பாட்டில் பாதியில் நின்றது. மூடி கழன்று மேசையில் உருண்டு கீழே விழுந்தது.

"அந்த ஆத்துல நடந்தத யாரும் நம்பல. எம் பொஞ்சாதிய தவிர ஒருத்தரும் நம்பல. நான் எறங்கித் தூக்குனேன்னு சொன்னா சிரிச்சாங்க. கார்த்திகேசன என்னால காப்பாத்த முடியல, அது என்னிக்கும் எனக்கு இருக்கு. ஆனா குடிச்சிட்டுக் கெடந்தேன்னு சொன்னாங்களே, அதத்தான் தாங்க முடியல. இப்ப இந்தப் புள்ள, எங்கையால கரையேறுன புள்ள, உள்ளத உள்ளபடி புஸ்தகத்துல எழுதிட்டான். இனிமே நான் செத்தாலும் கவலையில்ல."

நாவலைப் படித்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். படிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள். ஜெயப்பிரகாஷ் எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

தங்கராசு கையை நீட்டித் தேடினார். பாலகுமார் எழுந்து வந்து நின்றார். தங்கராசு அவர் தோளைத் தடவிக் கண்டுபிடித்து, சால்வையைப் போர்த்தி, இரண்டு பக்கமும் இழுத்துச் சரிசெய்தார். "எளச்சிருக்கியாப்பா?" என்று கேட்டார். பிறகு, "அந்த எடத்த உன் வாயால ஒரு தடவ படி. கேட்டுட்டுப் போறேன்" என்றார்.

பிரிசில்லா புத்தகத்தை ஒன்பதாம் அத்தியாயத்தில் பிரித்துக் கொடுத்தாள். வாங்கும்போது பாலகுமார் அவள் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்.

ரொம்ப நேரம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆரம்பித்தார். "டிரில் மாஸ்டர் கரையிலேயே சைக்கிளைப் போட்டுவிட்டுக் குதித்தார்." கண்ணைப் பக்கத்திலிருந்து எடுக்காமல் தொடர்ந்தார். "எனக்குக் காது அடைத்துவிட்டது. மண்ணும் தண்ணியும் வாயில் போனது. யாரோ என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தார்கள். வலித்தது. அந்த வலி பெரிய நிம்மதியாக இருந்தது. கரையில் என்னைக் குப்புறப் போட்டு முதுகில் அழுத்தினார். கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் கத்தரிக்காய் சிதறிக் கிடந்தது. சார் மறுபடி தண்ணிக்குள் போய்க்கொண்டிருந்தார்."

எதுவும் புத்தகத்தில் இல்லை. பிரிசில்லா வீட்டில் செய்த வேலையை அவர் மேடையில் செய்துகொண்டிருந்தார், அவளைவிட நன்றாகச் செய்தார். கத்தரிக்காய் அவளுக்கே தெரியாது. அம்மாகூடச் சொன்னதில்லை. கேட்கக் கேட்க அவளுக்கு மனம் இளகவில்லை, கொதித்தது. இத்தனையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பாட்டிலை எழுதியிருக்கிறான்.

முன்வரிசையில் ஒரு மாணவி, விஷயம் புரியாதவள், மடியில் புத்தகத்தோடு எழுந்தாள்.

"எந்தப் பக்கம் சார்? எங்க புக்ல இப்படி இல்லையே."

தங்கராசு குரல் வந்த பக்கம் திரும்பினார். "எப்படிம்மா இருக்கு?"

அந்தப் பெண் பக்கத்தைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். பாலகுமார் பிரிசில்லாவைப் பார்த்தார். அது பழைய பதிப்புப்பா என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பா சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். அந்தக் கண் அவளிடம் அதைத்தான் கெஞ்சியது. அவளுக்கும் அந்த வார்த்தை நாக்கு வரை வந்தது. வந்ததை விழுங்கினாள்.

"உள்ளத படிங்க சார்" என்றாள்.

"மேடம்..."

"அவருக்குக் கண்ணு தெரியாது. நீங்கதான் படிக்கணும்."

பாலகுமார் படித்தார். வேட்டி மடிப்பு, பாட்டில், பிளந்த வாய். நாற்றங்கால் வழியே ஓடுகிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். தங்கராசு மைக் கம்பியைப் பிடித்தபடி ஆடாமல் நின்றார். நிதானமாகக் கேட்டார்.

"வெசாரணையில சொன்ன, அப்ப உனக்குப் பதினொரு வயசு. நான் உன்ன ஒண்ணும் கேக்கல. இப்ப உனக்கு என்னா வயசு?"

"அம்பத்திமூணு சார்."

"எம் பொண்ணு எனக்காவ மாத்திப் படிச்சிருக்கா. சரி. அந்தச் சால்வையக் குடு."

பாலகுமார் கழற்றிக் கொடுத்தார். தங்கராசு அதை நாலாக மடித்தார். முனைக்கு முனை ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறதா என்று விரலால் பார்த்துக்கொண்டார். முழு மண்டபமும் அந்த மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "எறக்கி வுடும்மா" என்றார்.

வாசலில் ஜெயப்பிரகாஷ் ஓடிவந்தார். "என்னா மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றார். "சொல்லியிருந்தா கூட்டம் நடந்திருக்காது சார்" என்றாள் அவள். பஸ்ஸில் ஏறும்போது உடம்பு லேசாக இருந்தது. சின்ன வயதில் அந்தப் பெண்ணின் கையைக் கடித்தபோது இருந்த அதே லேசு.

வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அப்பா பேசினார்.

"என்கிட்ட அன்னிக்கே சொல்லியிருந்தா நானே போன் பண்ணிக் கேட்டிருப்பேன். என் சண்ட அது. என்ன ஒண்ணும் தெரியாதவனாக்கி நடுமேடையில நிறுத்திட்ட."

"அப்படிச் செஞ்சாதாம்பா அவனுக்கு ஒறைக்கும்."

"ஒறச்சிது. எனக்கும் ஒறச்சிது."

மாணவர்கள் போனில் எடுத்ததெல்லாம் அன்றைக்கே பரவிவிட்டது. பிரிசில்லா தன் பக்கத்தில் ஒன்பதாம் அத்தியாயத்தின் படத்தைப் போட்டு, "'கரையிறக்கம்' படித்தேன். முதல் எட்டு அத்தியாயம் நன்றாக இருக்கிறது. ஒன்பதில் எழுதியவர் இன்னொரு தடவை விசாரணைக்குப் போய் இன்னொரு தடவை பொய் சொல்கிறார். அவசியம் படியுங்கள்" என்று எழுதினாள். பாலகுமார் புனைவின் சுதந்திரம் பற்றி ஒரு நீண்ட கட்டுரை போட்டார். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் கேட்டது ஒரே கேள்விதான். எந்தப் பக்கம் சார்? அவர் பிறந்தநாள் படம் போட்டாலும், மழையைப் பற்றி எழுதினாலும் அதுவே வந்தது. சென்னையில் ஒரு கல்லூரியில் பேசப்போன இடத்திலும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் அதைக் கேட்டது என்று பிரிசில்லாவுக்குச் செய்தி வந்தது. அன்றைக்கு அவள் மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள்.

சில வாரம் கழித்துப் பாலகுமார் போன் செய்தார். அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதிவிட்டதாகவும், புதுப் பதிப்பைச் சாருக்குச் சமர்ப்பணம் செய்யப்போவதாகவும் சொன்னார். பிரிசில்லா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாத்தாத" என்றார் தங்கராசு.

"சார், நான் செஞ்சது தப்பு. என் மாமா பேரக் காப்பாத்தணும்னு வீட்ல..."

"அதெல்லாம் எனக்கு வேணாம். நீ எழுதினது அப்படியே இருக்கட்டும். அட்டையில உன் பேரு இருக்குல்ல, அதுவும் இருக்கட்டும். படிக்கிறவங்க ரெண்டையும் சேத்துப் படிப்பாங்க. என் பேர அதுல போடாத."

போனை வைத்துவிட்டு அவர் டீ கேட்டார். அந்த ஒரு நாள் அப்பாவும் மகளும் பழையபடி பேசிக்கொண்டார்கள்.

ஆனால் வாசிப்பது பழையபடி ஆகவில்லை. புது நாவல் ஒன்றை எடுத்து அவள் உட்கார்ந்தபோது, இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை, "இது புக்குல இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றாள். தலையாட்டினார், மறுபடி கேட்டார். நாலாம் நாள், "நீ படிச்சா எது நீ, எது புஸ்தகம்னு எனக்குத் தெரியலம்மா" என்றார். குரலில் கோபமில்லை.

இப்போது எதிர்வீட்டு மருமகள் கனிமொழி வந்து வாசிக்கிறாள். வேகமாக வாசிப்பாள், கமாவில் நிற்க மாட்டாள், வட்டார வார்த்தை வந்தால் தடுக்கிவிழுந்து எழுத்துக்கூட்டுவாள். தங்கராசு முதுகு சாயாமல் உட்கார்ந்து கேட்கிறார். "நிறுத்து. இவன் ஏன் வாயத் தொறக்கல?" என்கிறார். கனிமொழிக்குப் பதில் தெரியாது, சிரிக்கிறாள். அடுப்படியில் நின்று வெங்காயம் உரித்தபடி பிரிசில்லா கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருக்கும். சொல்லமாட்டாள், மறுநாள் பேஸ்புக்கில் எழுதுவாள். திரும்ப அப்படி ஒரு மேடை கிடைத்தால் என்ன செய்வாய் என்று அவள் தங்கச்சி ஒருநாள் போனில் கேட்டாள்.

"அதேதான் செய்வேன்" என்றாள் பிரிசில்லா. "கனிமொழி 'ழ'வ 'ள'ன்னு படிக்கிறா. அதத்தான் காது கொடுத்துக் கேக்க முடியல."